தோல் உரைக்கும் செய்தி

தவளை வாயால் நீர் பருகுவதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. அத்தோல் சுவாசத்திற்கும் உதவுகிறது. உடலின் உப்புச் சமநிலையையும் காக்கிறது. எனவே, தோலைப் பற்றும் நோய் தவளையின் உயிரையே பற்றுகிறது. கைட்ரிட் பூஞ்சை நோய் அத்தகையது. ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் மடிந்த தவளைகளின் தோலில் இப்பூஞ்சை இருந்ததை அறிஞர்கள் 1998ஆம் ஆண்டு அறிவித்தனர். நோய் முற்றினால், குருதியில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுவிடும்.

நோயுற்ற தவளை தொடக்கத்தில் நலமாகவே தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத நோயை ஆய்வகம் எவ்வாறு அறிகிறது? ஆய்வாளர் ஒவ்வொரு தவளைக்கும் புதிய கையுறை அணிகிறார். இன்றேல் அவர் கையே நோயைப் பரப்பிவிடும். வயிறு, தொடை, விரலிடைச் சவ்வு ஆகியவற்றைப் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தேய்த்தபின் தவளையை விட்டுவிடுகிறார். தலைப்பிரட்டையில் வாய்ப்பகுதியைத் தேய்ப்பர். பூஞ்சை பற்றும் கெரட்டின் அங்குதான் உள்ளது. பஞ்சில் ஒட்டிய பூஞ்சையின் டி.என்.ஏ., ஆய்வகத்தில் பாலிமரேஸ் சங்கிலி வினையால் பன்மடங்காகப் பெருக்கப்படுகிறது. அது பெருகும் விரைவைக் கொண்டு, தோலில் இருந்த பூஞ்சையின் அளவு கணிக்கப்படுகிறது.

பனாமாவின் எல் கோப்பே மலைக்காட்டில் 2000 முதல் தவளைகளின் தோலை ஆய்ந்துவந்தனர். பூஞ்சை முதன்முதலாகத் தென்பட்டது 2004 செப்டம்பரில். அடுத்த சில மாதங்களில் தவளைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. நோய் கிழக்கு நோக்கி நகர்வதை உணர்ந்தோர், எல் வாலே பகுதித் தவளைகளைக் காப்பகங்களில் சேர்த்தனர். சோதனை நோயைத் தீர்க்காது. ஆயினும், காக்க முனைவோர்க்குக் காலத்தை ஈட்டித் தரும்.