மாத்திரை சாப்பிடுபவரைக் கண்டு ஏன் பயம்?

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அந்த வாரம் எத்தனை ஷிப்ட் பார்த்தோமோ அத்தனைக்குத்தான் காசு. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு ஷிப்ட் போய்விடும். அதனால்தான் செக்கிங் டேபிளில் நிற்கிற அக்கா, இருமல் வரும்போது முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொள்கிறார். ஓவர்லாக் மிஷின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்பதில்லை. மெடிக்கலில் ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு, மறுநாள் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்.

அவர் பயப்படுவது நோய்க்கு மட்டும் இல்லை, "டி.பி." என்ற பேருக்கும்தான். அந்தப் பேரைச் சுற்றி இந்த ஊரில் உலவும் ஐந்து நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: "பனியன் கம்பெனி வேலைன்னா இருமல் இருக்கத்தானுங்க செய்யும். எல்லாம் பஞ்சுத் தூசி."

உண்மை: பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது சரிதான். நூற்பாலைகளில், அதிலும் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம், கார்டிங் பகுதிகளில் பல வருடம் வேலை செய்தவர்களுக்கு பிசினோசிஸ் என்ற நோய் வரலாம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், அடுத்தடுத்த நாட்களில் குறையும். இது அதன் ஆரம்ப அடையாளம். பிசினோசிஸ் யாருக்கும் தொற்றாது.

காசநோய் வேறு. அது தூசியால் வருவதில்லை, கிருமியால் வருவது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் காக் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. எது தூசி இருமல், எது கிருமி இருமல் என்று காதால் கேட்டுச் சொல்ல யாராலும் முடியாது. இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே, அதிலும் சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் சேர்ந்தால் கட்டாயம், சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும்.

நம்பிக்கை 2: "தட்டு, டம்ளரைத் தனியா வையுங்க. அவங்க தொட்ட பீஸை நான் மடிக்க மாட்டேன்."

உண்மை: நுரையீரல் காசநோய் காற்று வழியாகத்தான் பரவும். நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன, அவற்றை மூச்சில் இழுப்பவருக்குக் கிருமி போகிறது. தட்டு, டம்ளர், துணி, கைகுலுக்கல் எதிலும் அது ஒட்டிக்கொண்டு வராது. பத்துக்குப் பத்து லைன் வீட்டில் ஐந்து பேர் படுத்துக்கொண்டு, கொசுவுக்குப் பயந்து இருக்கிற ஒற்றை ஜன்னலையும் சாத்திக்கொள்கிறோமே, அங்கேதான் கிருமிக்கு வசதி. தட்டைப் பிரிப்பதற்குப் பதில் ஜன்னலில் கொசுவலை அடித்துத் திறந்து வையுங்கள்.

கிருமி உள்ளே போனவர்கள் எல்லோரும் நோயாளி ஆகிவிடுவதும் இல்லை. நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. சத்துக்குறைவு, சர்க்கரை நோய், புகை, மது ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டும். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர்களுக்கும் பரிசோதனை உண்டு, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரையும் உண்டு.

நம்பிக்கை 3: "டி.பி.ன்னா கணக்கை முடிச்சு ஊருக்கு அனுப்பிரணும்."

உண்மை: இதைப் பொய் என்று உலகத்துக்கே நிரூபித்தது தமிழ்நாடு. பெருந்துறையில் இன்று மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம் ஒரு காலத்தில் காசநோய் சானடோரியம். நோயாளியை ஊருக்கு வெளியே வைத்து, நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு கொடுப்பதுதான் அன்றைய வைத்தியம். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வளர்ச்சிதான். அங்கே 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைவான சாப்பாட்டோடு வாழ்ந்த ஏழைகள். ஒரு வருடத்துக்குப் பின் பார்த்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்து மருத்துவம் பார்த்ததால் அந்தக் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிவதற்கு வழி செய்தது.

சரியான மருந்தைத் தொடர்ந்து சாப்பிட ஆரம்பித்தால், பெரும்பாலானவர்களிடமிருந்து சில வாரங்களிலேயே நோய் பரவுவது நின்றுவிடுகிறது. மருத்துவர் சொன்னபின் அவர் மிஷினுக்குத் திரும்பலாம். ரயிலேற்றி அனுப்பினால் என்ன ஆகும்? வழியில் மாத்திரை நிற்கும். பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகி, அடுத்த முறை அடங்க மறுக்கும். ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுப் போங்கள். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோயாளிகள் பதிவின் மூலம் சிகிச்சையை அந்த ஊருக்கு மாற்றிக் கொடுப்பார்கள்.

இன்னொன்றையும் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் போதுமான காலம் சந்தா கட்டியவருக்குக் காசநோய் போன்ற நீண்டகால நோய்களில் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, இரண்டு வருடம் வரை உதவித்தொகை கிடைக்கும். உங்கள் சம்பளத்தில் பிடித்த காசுக்கு உண்டான உரிமை அது.

நம்பிக்கை 4: "ரெண்டு மாசத்துல இருமல் நின்னுருச்சு. இனி மாத்திரை எதுக்கு?"

உண்மை: மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகும், இருமல் நிற்கும். மெதுவாக இருக்கும் கிருமிகளைக் கொல்லத்தான் மீதி மாதங்கள்.

மாத்திரையை நிறுத்த வைக்கும் பயங்களில் ஒன்று சிறுநீரின் நிறம். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அது ரத்தமில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மது ஈரலைக் கெடுக்கும் என்பதால் சிகிச்சைக் காலத்தில் அறவே வேண்டாம்.

மருந்தோடு சாப்பாடும் முக்கியம். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. சத்துணவுக்காக அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய்.

நம்பிக்கை 5: "இது வடநாட்டுக்காரங்க கொண்டு வந்த வியாதி."

உண்மை: வடமாநிலத் தொழிலாளர்கள் திருப்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே பெருந்துறையில் சானடோரியம் இருந்தது. நம் எழுத்தாளர் புதுமைப்பித்தனை 42 வயதில், 1948இல், கொண்டுபோனது இந்த நோய்தான். உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். இதில் எந்த மாநிலமும் கைகழுவ முடியாது. இங்கே வந்த தொழிலாளிக்கு மொழி தெரியாது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்றும் தெரியாது. பழி சொல்வதைவிட, கூட ஒரு ஆளை அனுப்பி வைப்பது நம் எல்லோருக்கும் பாதுகாப்பு.

காசநோயில் சாகிறவர்கள் பலர், தாமதமாக வந்து முதல் இரண்டு மாதங்களுக்குள் சாகிறார்கள். இதைத் தடுக்கத்தான் தமிழக அரசு 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. நோய் உறுதியானதும் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். ஆனால் அதற்கு அவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாக வேண்டும். அவரை அங்கே கொண்டு சேர்ப்பது நம் கையில் இருக்கிறது.

மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறவரால் பெரிய ஆபத்து இல்லை. பரிசோதிக்காத இருமலால்தான் ஆபத்து. முதலாளிகளே, சூப்பர்வைசர்களே, காண்ட்ராக்ட் எடுத்திருப்பவர்களே, உங்கள் லைனில் இரண்டு வாரமாக இருமுகிறவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: "போய் சளி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. உங்க மிஷின் உங்களுக்குத்தான்." எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1800-11-6666 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம்.