சுக்கானுக்குப் பட்டி போதாது

அன்புள்ள தம்பிக்கு,

சென்னையில் பாய்மரப் படகுகளுக்கு ஃபைபர் வேலை பார்க்கிறாய் என்றறிந்து மனம் நிறைந்தது. பழைய படகொன்றின் சுக்கான் வெடித்திருக்கிறது, மேலே பட்டி பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பட்டறையில் கார் கதவுகளுக்குப் பட்டி பார்த்துப் பழகிய கை உன்னுடையது. கதவு வெறும் தகடு. சுக்கானில் இரண்டு ஃபைபர் ஓடுகள், நடுவே நுரை, அதற்குள் இறங்கும் எஸ்.எஸ். தண்டு, தண்டோடு வெல்டிங் செய்த பட்டைகள். தண்டு உள்ளே நுழையும் இடத்தில்தான் கேடு தொடங்கும். வெயிலில் உலோகமும் ஃபைபரும் ஒரே அளவு விரிவதில்லை. மயிரிழை விரிசல் விழுந்து கடல்நீர் இறங்கும். துருவே பிடிக்காதென்று நாம் நம்பும் எஸ்.எஸ்., காற்றுப் படாமல் உப்புநீரில் ஊறினால் குழிகுழியாக அரித்துப்போகும். அதைக் காக்கும் மெல்லிய படலம் ஆக்சிஜன் இல்லாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. வெளியே தண்டு பளபளவென்றுதான் இருக்கும்.

கரையேற்றியதும் சிறு சுத்தியலால் தட்டிக் கேள். 'பொத்'தென்று ஒலிக்கும் இடத்தில் ஓடு விட்டிருக்கிறது. அடிமுனையில் 6 மி.மீ. துளை போடு, பழுப்பு நீர் வடிகிறதா பார். ஒருவர் சுக்கான் பலகையை இறுக்கிப் பிடிக்க, நீ மேலே கைப்பிடியைத் திருப்பு. தண்டு திரும்பிப் பலகை நின்றால் வெல்டிங் போய்விட்டது.

அப்புறம் ஒரு பக்க ஃபைபர் ஓட்டை அறுத்துத் திற. ஈர நுரையை முழுக்கச் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக் காயவிடு. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி எவ்வளவு நல்லதானாலும் சீழ் நிற்கும் புண்மேல் சுற்றினால் ஆறுமா? ஈர நுரைமேல் போடும் ஃபைபர் மேட்டும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதே. சென்னை மழைக்காற்றில் எதுவும் காயாது.

கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்தவர்களும் உண்டு. கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி 2022 செப்டம்பரில் கிளம்பி, ரஸ்லர் 36 ரக ஃபைபர் படகில் தனியாளாக 236 நாளில் உலகைச் சுற்றினார். படகைத் தானாகத் திசைபிடித்து ஓட்டும் காற்றுக்கருவி பழுதானபோது கழிவறைக் கதவை அறுத்துப் பாகம் செய்தார். நடுக்கடலில் அவருக்கு வேறு வழியில்லை. உனக்குக் கரையும் கிரைண்டரும் நேரமும் இருக்கின்றன.

வெல்டிங்கைச் சரிசெய்து, புது நுரை நிரப்பி மூடும்போது ஒட்டும் விளிம்பை ஓட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய். தண்டு நுழையும் இடத்தை மட்டும் ரெசினால் அடைக்காதே. காடி வெட்டி, இழுத்தால் இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்பு. செலவென்று படகுக்காரர் தயங்கினால் அரித்துப்போன வெல்டிங்கை அவரிடமே காட்டு. பார்த்த பிறகும் பட்டியே போதும் என்றால், அந்த வேலையை எடுக்காதே.

அன்புடன்,
அண்ணன்