ஆமைக்குட்டி வாங்குமுன் ஐந்து கேள்விகள்

"ராத்தா, எனக்கும் ஆமக்குட்டி ஒண்டு வாங்கித் தரச் சொல்லுங்களேன்" என்று நான்காம் தரத்தில் படிக்கும் என் தம்பி கடந்த விடுமுறையில் கெஞ்சத் தொடங்கினான். அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் தீப்பெட்டி அளவான பச்சைக் குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். வாப்பா என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு ஆமை வருவது அது முதல் தடவையல்ல.

நான் ஆறாம் தரத்தில் படித்தபோது, பெருநாள் காசில் அதேபோன்ற குட்டியொன்றை வாங்கினேன். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மூடிய ஜன்னலோரம் வைத்தேன். சோறும் பாண் துண்டும் போட்டேன். சில மாதங்களில் அதன் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஓடு மெத்தென்றாகி, விரலால் தொட்டால் அமிழ்ந்தது. ஒருநாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது அது அசையவில்லை. "ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சும்மாவா சொன்னார்கள்" என்றார் உம்மம்மா. உண்மையில் உருப்படாமல் போனது எங்கள் வீடல்ல, அந்த ஆமைதான்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் இப்போதுதான் அது ஏன் இறந்தது என்று எனக்கு விளங்குகிறது. எனவே தம்பியிடம், "முதலில் தேடிப் படிப்போம், பிறகு வாப்பாவிடம் கேட்போம்" என்றேன். நாங்கள் இருவரும் விடை தேடிய ஐந்து கேள்விகள் இவை. ஆமைக்கு மட்டுமன்றி, எந்த ஊர்வன இனத்துக்கும் இவை பொருந்தும்.

1. இதன் சரியான பெயர் என்ன?

கடையில் "தண்ணி ஆமை" என்றுதான் சொன்னார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்ததை வைத்து, அது சிவப்புக் காது ஆமை என்று கண்டுபிடித்தோம். விஞ்ஞானப் பெயர் திரக்கெமிஸ் ஸ்கிரிப்டா எலெகன்ஸ். அதன் தாயகம் ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பிரதேசம். பெயர் தெரிந்த பின்னர்தான் மற்றக் கேள்விகளுக்கு விடை தேட முடிந்தது.

2. எவ்வளவு வளரும்? எவ்வளவு காலம் வாழும்?

தீப்பெட்டி அளவான குட்டி, பெண்ணாயின் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரலாம். நன்றாகப் பராமரித்தால் 30 வருடங்கள்கூட வாழும். "இப்போது உனக்கு ஒன்பது வயது. அப்போது எத்தனை வயது?" என்று கேட்டேன். தம்பி விரல் விட்டு எண்ணி, "முப்பத்தொன்பது" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

3. அதற்கு என்ன தேவை?

ஊர்வன தம் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறுகின்றன. ஆகவே நீந்துவதற்குப் பெரிய தொட்டியும், நீரிலிருந்து ஏறி வெயில் காய மேடும் வேண்டும். வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்தான் தோலில் விற்றமின் டீ உருவாக உதவுகிறது. அது இல்லாவிட்டால் உண்ணும் கல்சியம் ஓட்டிலும் எலும்பிலும் சேராது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். அந்தக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். நான் வெயில் என்று நினைத்து வைத்த இடத்தில் என் ஆமைக்குத் தேவையான வெயில் இருக்கவில்லை. கண் வீக்கத்துக்கு விற்றமின் ஏ குறைபாடு முக்கிய காரணமாம். சோற்றிலும் பாணிலும் அது எங்கே இருக்கிறது? சிறு பூச்சி, புழு, மீன், நீர்த்தாவரம் என்பவையே அதன் இயற்கை உணவு.

பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸைச் சிறுவயதில் குர்ஆன் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். நான் உணவு கொடுத்தேன் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அது உண்ணக்கூடிய உணவு எதுவென்று ஒருநாளும் கேட்கவில்லை.

4. வீட்டிலுள்ளோருக்குப் பாதுகாப்பானதா?

ஆமைகள் நோயின்றித் தோன்றினாலும் சல்மொனெல்லா பற்றீரியாவைக் காவக்கூடும். சிறு பிள்ளைகள் ஆமையைத் தொட்ட கையை வாயில் வைப்பதால் கடுமையான வயிற்றோட்டமும் காய்ச்சலும் ஏற்படலாம். இதனாலேயே ஐக்கிய அமெரிக்காவில், ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பது 1975இல் தடைசெய்யப்பட்டது. எங்கள் வீட்டில் தவழும் வயதில் ஒரு தங்கை இருக்கிறாள்.

5. எங்கிருந்து வந்தது? வேண்டாம் என்றால் எங்கே போகும்?

ஆமை பெரிதானதும் பலர் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அது இரக்கமாகத் தோன்றினாலும், நம் நாட்டுப் பாலாமை போன்றவற்றின் உணவுக்கும் இடத்துக்கும் அது போட்டியாகிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் உண்டு.

"அப்படியென்றால் நம் நாட்டு ஆமையை வளர்ப்போமா? புத்தளத்து மாமாவின் காணிப் பக்கம் நட்சத்திர ஆமை இருக்கிறதே" என்றான் தம்பி. உலர் வலயப் பற்றைக் காடுகளில் வாழும் அந்த ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அழகுக்காகக் கடத்தப்படுவதால், 2019இல் அதன் சர்வதேச வர்த்தகமும் தடைசெய்யப்பட்டது. வழியில் கண்டால் அதை அதன் பாட்டில் விடவேண்டும். காயப்பட்டிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

ஐந்து விடைகளையும் ஒரு தாளில் எழுதி வாப்பாவிடம் கொடுத்தது தம்பிதான். கடைசி வரியில், "இப்ப வேணாம்" என்று எழுதியிருந்தான். இப்போது அவன் எங்கள் மதிலில் வெயில் காயும் ஓணானைக் கொப்பியில் குறித்து வருகிறான். எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது தலை சிவக்கிறது என்று அவனைக் கேட்டால் தெரியும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் ஓர் உயிரை வாங்கித் தரச் சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கவும் வேண்டாம். இந்த ஐந்து கேள்விகளையும் அவர்கள் கையில் கொடுங்கள். சகோதரிகளே, வளர்ப்பதென்று முடிவெடுத்தால் விடைகளைக் கண்டபின் வளருங்கள். நான் என் ஆமை இறந்த பிறகுதான் படித்தேன். நீங்கள் அதற்கு முன்பே படித்துவிடுங்கள்.