டாட்டூ குத்திக்கொள்ளும் முன்…

பச்சை குத்துதல் நம் பாட்டிமார் காலத்திலிருந்தே வழக்கில் உள்ளது. இன்று அதுவே மின்கருவியின் துணையுடன் டாட்டூ என்னும் பெயரில் பரவியிருக்கிறது. சிகிச்சையில் இருப்போரும், அவர்களைப் பராமரிக்கும் இளையோரும் இதைப் பற்றி எங்களிடம் கேட்பதுண்டு. டாட்டூ என்பது அலங்காரம் மட்டுமன்று. அது நாமே விரும்பி ஏற்கும் ஒரு புண். அப்புண்ணை ஆற்றும் நிலையில் உடல் இருக்கிறதா என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி.

தோலில் நிகழ்வது என்ன?

மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதனால்தான் மருதாணி மறைந்துவிடுகிறது. டாட்டூ ஊசியோ மேல்தோலைக் கடந்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் மையைச் சேர்க்கிறது. அதை விழுங்க வரும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள், மையைச் சிதைக்க இயலாமல் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. நிறம் நிலைத்து நிற்பதன் காரணம் இதுவே.

குத்திய பின்னர்

முதல் சில நாட்கள் சிவப்பும் வீக்கமும் எரிச்சலும் இருக்கும். சிறிது நீர் கசியலாம். பின்னர் பொருக்கு உதிரும்; அரிப்பு தோன்றும். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் மேற்புறம் ஆறிவிடும். அதுவரை கைகளைக் கழுவாமல் அவ்விடத்தைத் தொடாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள், குளம், நீச்சல்குளம், கடும் வெயில் ஆகியவற்றைத் தவிர்த்திடுங்கள். சிவப்பு பரவுதல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் காணப்பட்டால் உடனே மருத்துவரை அணுகுங்கள். சில வேளைகளில், குறிப்பாகச் சிவப்பு மையால், பல மாதங்கள் கழித்தும் ஒவ்வாமை தோன்றக்கூடும்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

• சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதோர்: புண் ஆறத் தாமதமாகும், கிருமித்தொற்று எளிதில் ஏற்படும்.
• கீமோதெரபி பெறுவோர், மாற்று உறுப்பு பொருத்தப்பட்டோர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர்.
• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர். டாட்டூவிற்காக அம்மருந்தைத் தாமாகவே நிறுத்துவது பேராபத்து.
• பிறவி இதயக் குறைபாடு உடையோர், செயற்கை வால்வு பொருத்தப்பட்டோர்: தோலில் புகும் கிருமி இரத்தம் வழியே இதயத்தை அடையலாம்.
• டயாலிசிஸ் செய்துகொள்வோர்: ஃபிஸ்டுலா உள்ள கையில் குத்தவே கூடாது.
• சொரியாசிஸ், வெண்புள்ளி உடையோர்: காயம்பட்ட இடத்தில் அந்நோய் புதிதாகத் தோன்றலாம்.
• புடைத்த தழும்பு ஏற்படும் தன்மை உடையோர்.

மச்சத்தின் மீது எவரும் குத்திக்கொள்ள வேண்டாம். அதில் நேரும் மாற்றங்களை மை மறைத்துவிடும்.

இரத்தத்தின் வழியே பரவுவன

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது. ஆகவே ஒரே ஊசியையும் ஒரே மைக்கிண்ணத்தையும் பலருக்குப் பயன்படுத்தும் இடத்தில் அமரவே கூடாது. மூடி முத்திரையிட்ட ஊசியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. முன்னரே போட்டுக்கொள்வது நலம். ஹெபடைடிஸ் சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை.

பராமரிப்போர் கவனத்திற்கு

நம் நாட்டு வழிகாட்டு நெறிகளின்படி, டாட்டூ குத்திக்கொண்டவர் ஓராண்டுக்கு இரத்த தானம் செய்ய இயலாது. வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நெருங்கும்போதோ, அடிக்கடி இரத்தம் தேவைப்படும்போதோ இதை எண்ணிப் பாருங்கள். நோயுற்ற அன்னையின் பெயரைக் கையில் பொறித்துக்கொண்ட மகன், அதனாலேயே அவருக்காக இரத்தம் அளிக்க முடியாமல் போகலாம்.

லேசரால் நீக்கலாமே என்று எண்ணுவோரும் உளர். அதற்குப் பல அமர்வுகள் தேவை. கருப்பு மை மறைவதைப் போலப் பச்சையும் மஞ்சளும் எளிதில் மறைவதில்லை. முழுமையாக நீங்கும் என்ற உறுதியும் இல்லை.

எனவே அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டுடன் இக்கேள்வியையும் கொண்டு வாருங்கள். சில மாதங்கள் பொறுப்பதே பலருக்குப் போதுமான விடையாக அமையும்.