தெரு மரங்களுக்குத் தெருவாசிகள் போடும் திட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தூங்குமூஞ்சியும் செம்மயிற்கொன்றையும் தெருத்தெருவாகச் சாய்ந்தன. அடிமரத்தைக் கழுத்துவரை இறுக்கிய சிமென்ட், வடிகால் தோண்டியபோது அறுந்த வேர், கம்பிக்காக ஒரே பக்கம் வெட்டப்பட்ட கிளை என்று எந்த மரத்துக்கு என்ன குறை என்பது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதி வைக்கத்தான் ஆளில்லை. கன்று நடுவிழாவுக்குக் கூட்டம் சேர்ப்பது எளிது, புகைப்படமும் நன்றாக வரும். நிற்கும் மரத்தை யார், எப்போது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஊர் கூடி முடிவெடுப்பதுதான் கடினம்.

1. சின்ன எல்லையாக எடுங்கள்

நகரம் முழுவதையும் கையில் எடுக்காதீர்கள். ஒரு வார்டு, அதிலும் நாலைந்து தெருக்கள் போதும். குடியிருப்போர் நலச்சங்கம் மட்டும் கூடினால் வீட்டு உரிமையாளர்களின் குரல்தான் கேட்கும். மர நிழலை நாள் முழுக்க நம்பியிருப்பவர்களோ இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட்காரர்கள், பூக்கார அம்மா, வாடகைக்கு இருப்போர். சங்கக் கூட்டத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். நீங்கள்தான் அவர்களிடம் போகவேண்டும்.

2. மரம் வேண்டாம் என்பவரை முதலில் அழையுங்கள்

மர ஆர்வலர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள். இரவோடு இரவாகக் கிளையை வெட்டுபவர், வேரில் ஆசிட் ஊற்றுபவர் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. அவருக்கும் காரணம் இருக்கும்: சாக்கடையை அடைக்கும் சருகு, விரிசல் விட்ட மதில், கார்மேல் பறவை எச்சம், மறைந்துபோன கடைப் பலகை, இலைக்குள் ஒளிந்துகொண்ட தெருவிளக்கு. ஒவ்வொன்றையும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் மரத்தைத் தொடாமலே தீரக்கூடியவை. விளக்கைக் கிளைக்குக் கீழே இறக்கிப் பொருத்தலாம். சருகு அள்ளும் நாளைத் தூய்மைப் பணியாளர்களோடு பேசி வைக்கலாம். தீராதவையும் உண்டு. உள்ளே பொந்து விழுந்து, பள்ளி வாசலை நோக்கிச் சாயும் மரத்தை அகற்றத்தான் வேண்டும். அதையும் ஊரறியப் பேசி முடிவு செய்யுங்கள்.

ஒப்புக்குக் கருத்துக் கேட்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நகராட்சியின் சாலை ஒப்பந்தத்தின் பெயரில் ஆயிரக்கணக்கான தெரு மரங்கள் வெட்டப்பட்டன. மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், தனிக்குழுவும் அமைத்தார்கள். குழு சொன்னதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். 2016 நவம்பர் 17 விடியுமுன் ரஸ்ட்லிங்ஸ் சாலையில் ரம்பம் இறங்கியது. தடுக்க வந்த முதியவர்கள் கைதானார்கள். விசாரணை அறிக்கை 2023இல் வந்தது, நகராட்சி மன்னிப்புக் கேட்டது. அதற்கு முன்பே, புதிய மரத் திட்டத்தை எழுதியபோது, எதிர்த்துப் போராடியவர்களையும் உடன் உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

3. மரங்களை எண்ணுங்கள்

நியூயார்க் நகரம் 2015இல் 2,200க்கும் அதிகமான தன்னார்வலர்களை வைத்துத் தன் தெரு மரங்களை எண்ணியது. சுமார் 6.66 லட்சம் மரங்கள். நமக்கு ஒரு தையல் டேப்பும் நோட்டும் போதும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளவிடுங்கள். மரத்தின் பெயர், பக்கத்து மின்கம்பத்தின் எண் அல்லது வீட்டுக் கதவு எண், கண்ணுக்குத் தெரியும் குறை, இவ்வளவு எழுதினால் போதும். ஆணி, விளம்பரத் தகடு, கேபிள் சுருள், தண்டுக்குள் புதையத் தொடங்கிய இரும்புக் கூண்டு எதையும் விடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்தால் வேலை விரைவாக முடியும். பெயர் தெரியாத மரத்துக்குத் தெருவிலுள்ள பெரியவர்கள் இருக்கிறார்கள்.

4. வரைபடத்தைப் பொதுவில் மாட்டுங்கள்

கணக்கை ஒரு பெரிய தாளில் தெருப்படமாக வரைந்து, ரேஷன் கடை அல்லது டீக்கடை வாசலில் ஒரு வாரம் மாட்டுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் அங்கே எழுதுவார்கள்.

5. தீர்மானமாக மாற்றுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் ஒப்புக்கொண்டதற்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் இதற்கான இடங்கள். திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கவுன்சிலர் வழியாகப் பதிவு செய்யுங்கள். அரசு நிலத்து மரத்தை வெட்டும் கோரிக்கை ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் போகவேண்டும் என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

பெரும்பாலும் விட்டுப்போகும் ஆள் மின்வாரியத்தின் (ஈபி) உதவிப் பொறியாளர். ஊரில் அதிகம் கிளை வெட்டுவது அவருடைய பணியாளர்கள்தான், அதுவும் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில். அந்த நாளை முன்கூட்டியே கேட்டு, தெருவாசிகள் இருவர் உடன் நில்லுங்கள். கிளை தண்டோடு சேரும் தடித்த வளையத்தை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டச் சொல்லுங்கள். உச்சியை மொட்டையடித்தால் துளிர்க்கும் கிளைகள் பிடிப்பில்லாமல் வளர்ந்து அடுத்த காற்றில் முறியும். இதைச் சண்டையாகச் சொல்லாமல் ஒரு டீயோடு சொன்னால் நடக்கும்.

6. பருவத்தை ஒட்டி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கவாத்து ஆகஸ்ட், செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன். நடவு அக்டோபர் மழையோடு. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது சிமென்டை உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். டெல்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் இதே அளவைத்தான் சொன்னது.

என்ன நடுவது என்பதில் தகராறு வரும், வரட்டும். கம்பிக்குக் கீழே பவளமல்லி, மந்தாரை. மேலே வானம் திறந்திருந்தால் வேம்பு, புங்கன், மகிழம். நாவலை வண்டி நிறுத்துமிடத்தில் வைத்தால் பழக்கறைக்காகவே அடுத்த வெட்டுக் கோரிக்கை வந்து சேரும்.

மார்ச் முதல் மழை வரும்வரை கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற, மரத்துக்கு ஒரு வீடு, அந்த வீடு ஊருக்குப் போனால் மாற்று வீடு என்று பெயர் எழுதி அதே படத்தின் ஓரத்தில் ஒட்டுங்கள். அடுத்த ஆகஸ்டில் டேப்போடு மறுபடி சுற்றி வரும்போது, காய்ந்துபோன கன்றின் எதிரில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடமே காரணம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.