கன்னை மாட்டும் முன்பே

விரைவு சார்ஜரில் எவ்வளவு நேரம் நிற்கப் போகிறோம் என்பது, அங்கே போய்ச் சேரும் முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே மின்சாரக் காரில் போய் வந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

என் கார் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 40 யூனிட். அதிகபட்சம் 50 கிலோவாட் வேகத்தில் ஏறும். 20 சதவீதத்தோடு போய் நின்றால் அந்த உச்சத்தை ஒட்டியே ஏறி, அரை மணியை ஒட்டி 80-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் வேகம் சரிந்துகொண்டே போகும். செல்களின் வோல்டேஜ் வரம்பை நெருங்கியதும் கரண்டைக் குறைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் லித்தியம் ஆனோடுக்குள் நுழையாமல் அதன் மேலேயே படிந்து பேட்டரி கெட்டுவிடும். கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த நிறுத்தத்துக்குப் பாதி வழி போய்விடலாம்.

அதனால் மதுரைக்குக் கிளம்பினால் வீட்டிலேயே 100 ஏற்றிக்கொள்வேன். உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு நிறுத்தம், திருச்சியில் ஒன்று. இரண்டிலும் 80 ஆனதும் சார்ஜிங் கன்னைக் கழற்றிவிடுவேன். பின்னால் காத்திருப்பவருக்கும் அது நல்லது. வேகம் மணிக்கு 80, 90-க்குள். 80-இல் போகிறவர் 100-க்கு மாறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். சாலையில் மிச்சம் பிடித்த நிமிடங்களைச் சார்ஜரில் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

பலகையில் 120 கிலோவாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கார் 50-தான் வாங்கும் என்றால் 50-தான். ஆனால் இரண்டு கன் உள்ள 60 கிலோவாட் சார்ஜர் வேறு கதை. அதைப் புரியவைத்தவர் ஒரு டாக்சி ஓட்டுநர். "அண்ணே, ரெண்டு கன்லயும் வண்டி நின்னா ஆளுக்கு முப்பதுதான் வரும். அடுத்த ஸ்டேஷன் பக்கத்துலதான், அங்க போயிடுங்க" என்றார். இப்போதெல்லாம் ஆப்பில் பக்கத்து கன் காலியா என்று பார்த்த பிறகே வண்டியைத் திருப்புகிறேன்.

சித்திரை, வைகாசி வெயில் நம் ஊருக்கே உரிய தொல்லை. மதியத்தில் வேகமாக ஓட்டிவந்து உடனே கன்னை மாட்டினால், சூடேறிய பேட்டரியைக் காக்க கார் தானே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் விடியலில் கிளம்பி முதல் சார்ஜை வெயில் ஏறும் முன் முடிப்பேன். ஏசி போட்டு உள்ளே உட்கார்ந்திருப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அது எடுப்பது ஒன்றிரண்டு கிலோவாட்தான்.

குறைந்த சதவீதத்தில் போய் நிற்க வேண்டுமானால் திரையில் தெரியும் எண்ணை நம்ப முடிய வேண்டும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் நடுப்பகுதி முழுக்க வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், மிச்சம் எவ்வளவு என்று கணிக்கக் காருக்கே சிரமம். அவ்வப்போது வீட்டில் மெதுவாக 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலேயே சார்ஜ் பார்த்துக்கொள்ள வேண்டும். குன்னூர் வழியாக சுமார் 50 கி.மீ.தான், ஆனால் ஏறும் உயரம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர். ஆட்களோடு ஒன்றே முக்கால் டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே 9 யூனிட் போய்விடும். உருண்டு போவதற்கு ஆவது தனி. 60 சதவீதமாவது இல்லாமல் நான் ஏறுவதில்லை. திரும்பும்போது மேலே 100 வரை ஏற்றிவிடாதீர்கள். நிரம்பிய பேட்டரியில், இறக்கத்தில் பிறக்கும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்காமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். 70-க்குள் கிளம்பினால் மோட்டாரே வண்டியைத் தாங்கி இறக்கும். அடிவாரம் வந்து பார்த்தால் பல நேரம் கிளம்பியதைவிடக் கூடுதலாகவே காட்டும். கோயம்புத்தூர் வரை சார்ஜர் தேட வேண்டியிருக்காது.