ஸ்பான்சர் கிடைத்தாயிற்று, காகிதங்கள் தயாரா?

பிரிட்டன் கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்ததும் நம்மூரில் பலர் செய்கிற முதல் வேலை, சான்றிதழ்க் கட்டைத் தூக்கிக்கொண்டு நோட்டரியிடம் ஓடுவது. அடுத்த வேலை, ‘எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்’ என்கிற கன்சல்டன்சியிடம் முன்பணம் கட்டுவது. இரண்டுக்கும் அவசரமில்லை. ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குக் கேட்கப்படும் காகிதங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. கையில் இருக்கிற காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதுதான் ஆபத்து. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க்ஷீட்டில் இன்னொரு பெயர். ஆஃபர் லெட்டரில் ஒரு சம்பளம், ஸ்பான்சர் பதிந்ததில் வேறு சம்பளம். உங்கள் முகத்தைப் பார்க்காமலே முடிவெடுக்கும் அதிகாரிக்கு அதெல்லாம் கேள்விக்குறிகள்.

ஆகவே நோட்டரியிடம் போகும் முன், சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் எனும் சிஓஎஸ்ஸைக் கையில் எடுங்கள். ‘சர்டிஃபிகேட்’ என்று பெயர் இருந்தாலும் அது சட்டம் போட்டு மாட்டும் காகிதம் அல்ல. வேலை தருபவர் பிரிட்டன் உள்துறையின் கணினியில் ஏற்றுகிற ஒரு பதிவு. உங்களுக்கு வருவது அதன் எண் மட்டுமே. எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிடாதீர்கள். பதிவின் முழு விவரத்தையும் பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லி எச்.ஆரிடம் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். தரத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் வரிவரியாகப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். இவற்றில் ஓர் எழுத்து பிசகினாலும், நீங்கள் விண்ணப்பிக்கும் முன் ஸ்பான்சர் திருத்தக் குறிப்புச் சேர்க்க முடியும். அடுத்து தொழில் குறியீடு. மென்பொருள் எழுதுபவருக்கு 2134, ஐடி பிசினஸ் அனலிஸ்ட்டுக்கும் ஐடி ஆர்க்கிடெக்டுக்கும் 2133, சிவில் இன்ஜினியருக்கு 2121. ஆஃபர் லெட்டரில் உள்ள வேலை விவரமும் இந்தக் குறியீடும் வெவ்வேறு திசை காட்டினால், வேலையே நிஜமா என்ற சந்தேகம் எழும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு ‘டிஃபைன்டு’ வகை சிஓஎஸ்தான் செல்லும். பிரிட்டனுக்குள்ளேயே விசா மாற்றுபவர்களுக்கான ‘அன்டிஃபைன்டு’ வகையைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டால் அது உங்களுக்குப் பயன்படாது.

சம்பளப் பகுதியில் இந்தியர்கள் தனியாக உஷாராக இருக்க வேண்டும். நமக்குச் சிடிசி என்ற கணக்கு பழகிவிட்டது: பேசிக், அலவன்ஸ், போனஸ், பிஎஃப் எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய எண். பிரிட்டன் விசாக் கணக்கில் உறுதியான அடிப்படைச் சம்பளம் மட்டுமே எண்ணப்படும். வீட்டு வாடகைப் படியோ ஜாயினிங் போனஸோ சேராது. 2025 ஜூலை 22 முதல் பொதுவான வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அதற்கு முன் 38,700 ஆக இருந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ‘கோயிங் ரேட்’ என்று தனி விகிதம் உண்டு; பொது வரம்பு, தொழில் விகிதம் இரண்டில் எது அதிகமோ அதுதான் உங்களுக்கு. அந்த விகிதம் வாரம் 37.5 மணி நேர வேலைக்கானது. உங்கள் ஒப்பந்தம் 40 மணி என்றால் விகிதமும் அதே அளவில் ஏறும். இதை எச்.ஆரே கவனிக்காமல் விட்டுவிடலாம். நீங்கள் ஒரு கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிடுங்கள். 26 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் போன்ற புதியவர்களுக்குக் குறைந்த வரம்பு, 33,400 பவுண்டு, உண்டு. அதே ஜூலை 22 முதல், பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழான பெரும்பாலான வேலைகள் பட்டியலிலிருந்து போய்விட்டன. கேர் வொர்க்கர்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பதும் நின்றுவிட்டது. இன்னமும் கேர் ஹோம் வேலைக்கு விசா என்று யாராவது விளம்பரம் செய்தால் விலகிப் போங்கள்.

இனி பெயர். தமிழ்நாட்டுக்காரர்களின் நிரந்தரத் தலைவலி இதுதான். பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டில் ‘கே. செந்தில்குமார்’, பட்டச் சான்றிதழில் ‘செந்தில்குமார் கே’, பாஸ்போர்ட்டில் ‘செந்தில்குமார் கந்தசாமி’, பான் கார்டில் அப்பா பெயர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும். இன்ஷியல் என்ற ஏற்பாட்டை நாம் பார்த்ததும் புரிந்துகொள்வோம்; குடும்பப் பெயரோடு வாழும் நாட்டின் படிவத்துக்கு அது புரியாது. விதி எளிது: பாஸ்போர்ட்டே தலைவன், மற்றவை எல்லாம் அதைப் பின்பற்ற வேண்டும். ஆஃபர் லெட்டர், ஒப்பந்தம், சிஓஎஸ், ஆங்கிலத் தேர்வுப் பதிவு, காசநோய்ச் சான்று, விசாப் படிவம் இந்த ஆறிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே வரட்டும். பழைய மார்க்ஷீட்டுகளை மாற்ற அலைய வேண்டியதில்லை. இன்ஷியலின் விரிவு இன்னது, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு நோட்டரி உறுதிமொழி இருந்தால் கைகொடுக்கும். பெயரையே மாற்றியவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்கள், படிப்புச் சான்றிதழ்களில் இருக்கும் அப்பா பெயருக்கும் இதற்கும் பாலமாகத் திருமணச் சான்றிதழை விசாக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத் தகுதியில் பணம் வீணாவது அதிகம். 2026 ஜனவரி 8 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு பி1 நிலை ஆங்கிலம் போதாது, பி2 நிலை தேவை. ஐஇஎல்டிஎஸ் கணக்கில் படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் நான்கிலும் தலா 5.5. சாதாரண ஐஇஎல்டிஎஸ் செல்லாது. ‘ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ’ என்று தனியாக இருப்பதைத்தான் எழுத வேண்டும். கேள்வித்தாளில் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கீகாரத்தில்தான் வித்தியாசம். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்கள் தேர்வே எழுதாமல் தப்பிக்கலாம். ஆனால் காலேஜ் முதல்வர் கையெழுத்திட்ட பயிற்றுமொழிக் கடிதம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எக்டிஸ் என்ற பிரிட்டன் அமைப்பு, உங்கள் பட்டம் அங்குள்ள இளநிலைப் பட்டத்துக்கு இணையானது, ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்று உறுதி செய்ய வேண்டும். அந்தக் கடிதம் எக்டிஸுக்குக் கொடுக்கும் ஆதாரங்களில் ஒன்றுதான். தங்கள் தொழில் கவுன்சிலுக்காக ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறிய மருத்துவர்களும் நர்சுகளும் விசாவுக்காக இன்னொரு முறை எழுத வேண்டியதில்லை.

பணத்துக்கு வருவோம். பிரிட்டனில் இறங்கியதும் சமாளிக்க 1,270 பவுண்டு இருப்பதைக் காட்ட வேண்டும். முதலில் சிஓஎஸ்ஸில் ‘மெயின்டனன்ஸ்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். ஏ தர ஸ்பான்சர் அங்கே பொறுப்பேற்று டிக் செய்திருந்தால் நீங்கள் பேங்க் ஸ்டேட்மென்டே கொடுக்க வேண்டாம். டிக் இல்லையென்றால் அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் உங்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28வது நாள், நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். ஜூன் 20 அன்று விண்ணப்பிக்கிறீர்கள், ஸ்டேட்மென்ட் ஜூன் 10 உடன் முடிகிறது என்றால், மே 14 முதல் ஒரு நாள்கூட இருப்பு கீழே இறங்கியிருக்கக் கூடாது. ஐந்தாம் தேதி வீட்டுக்கடன் இஎம்ஐ, ஏழாம் தேதி கிரெடிட் கார்டு ஆட்டோ டெபிட் என்று ஓடும் கணக்கில் இது சுலபமாக உடையும். எதுவும் ஓடாத தனிக் கணக்கில் பணத்தைப் போட்டு மறந்துவிடுவதே நல்லது. ரூபாயைப் பவுண்டாக மாற்றும்போது விண்ணப்ப நாளில் ஓவாண்டா இணையதளம் காட்டும் விகிதத்தைப் பார்ப்பார்கள் என்பதால், சரியாக 1,270க்கு வராமல் தாராளமாகக் கூடுதலாக வையுங்கள். வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு, ஆடிட்டர் சான்று எதுவும் இங்கே வேலைக்கு ஆகாது. வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்காக ஊரில் தயாரித்துப் பழகிய கோப்பு அது.

சான்றிதழ்களில் அப்போஸ்டில், எச்.ஆர்.டி. அட்டஸ்டேஷன் முத்திரை வாங்கும் கதையும் இப்படித்தான். வளைகுடா வேலைகளுக்கு அட்டஸ்டேஷன் தேவைப்பட்டு நம்மவர்களுக்குப் பழக்கமானது. பிரிட்டன் விசா விதியில் அந்த முத்திரை கிடையாது. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணம் எதையாவது இணைத்தால் மட்டும், மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், ‘மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு’ என்ற உறுதி ஆகியவற்றோடு முழு மொழிபெயர்ப்பு கொடுங்கள். பேரூராட்சியில் தமிழில் மட்டும் வாங்கிய பழைய பிறப்புச் சான்றிதழ்கள் இதில் அடங்கும்.

காசநோய்ப் பரிசோதனை இந்தியாவிலிருந்து போகும் எல்லோருக்கும் உண்டு. தெரு முனை லேபில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. பிரிட்டன் உள்துறை அங்கீகரித்த மையத்துக்கே போக வேண்டும். சான்று ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அந்த முடிவு வர இரண்டு மாதம்கூட ஆகலாம். பழைய தழும்பு இருப்பவர்கள் கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

போலீஸ் சான்று எல்லோருக்கும் இல்லை. மருத்துவம், கல்வி, சமூகப் பணி போன்ற துறைகளுக்கு மட்டும். ஆனால் அத்துறையினர், கடந்த பத்து ஆண்டுகளில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வாங்க வேண்டும். சவுதியில் மூன்று ஆண்டு இருந்த நர்சுக்குப் பாஸ்போர்ட் சேவா மையத்தின் பிசிசி மட்டும் போதாது. சவுதி சான்றும் வேண்டும். நாட்டை விட்டு வந்தபின் அதை வாங்குவது நாள் பிடிக்கும் வேலை, ஆகவே அதையே முதலில் தொடங்குங்கள்.

குடும்பத்தைக் கூட அழைத்துப் போகிறவர்கள் பதிவுத்துறையின் திருமணச் சான்றிதழை எடுத்து வையுங்கள். கோவில் ரசீதையும் கல்யாணப் பத்திரிகையையும் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம்தானே. வாழ்க்கைத் துணைக்கு 285, முதல் குழந்தைக்கு 315, அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 200 பவுண்டு கூடுதல் இருப்பு. இதைவிடக் கனமானது சுகாதாரக் கூடுதல் கட்டணம்: பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, விசாவின் எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். ஹெல்த் அண்ட் கேர் பிரிவில் போகும் நர்சுகளுக்கும் மருத்துவர்களுக்கும் இது இல்லை.

உங்களிடமிருந்து வாங்கவே கூடாத பணமும் உண்டு. சிஓஎஸ்ஸுக்கு ஸ்பான்சர் கட்டுவது 525 பவுண்டு. 2024 டிசம்பர் 31 முதல் அதையும் தன் ஸ்பான்சர் லைசென்ஸ் கட்டணத்தையும் ஊழியரிடம் திரும்ப வசூலிக்கத் தடை. ஸ்பான்சர் அரசுக்குக் கட்டும் இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜையும் அப்படி வசூலிக்கக் கூடாது. ‘சிஓஎஸ்ஸுக்கு இத்தனை லட்சம்’ என்று பேரம் பேசுகிறவர் உங்களுக்கு வேலை வாங்கித் தரவில்லை, கம்பி எண்ண வைக்கும் சரக்கை விற்கிறார். லைசென்ஸ் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கம்பெனி பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அனுபவச் சான்றிதழை ‘கொஞ்சம் நீட்டித் தருகிறோம்’ என்பவரிடமும் இதே எச்சரிக்கை. பழைய கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பினால் போலி தெரிந்துவிடும், பத்து ஆண்டுத் தடை வரும்.

கடைசியாக, சென்னை ஐடிக்காரர்கள் எல்லோரும் மாட்டும் இடம்: நோட்டீஸ் பீரியட். சிஓஎஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதேசமயம் அதில் உள்ள வேலை தொடங்கும் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவும் முடியாது. செப்டம்பர் 1 வேலை என்றால் ஜூன் 1 தான் முதல் நாள். ஜூன் 8 அன்று சென்னை விஎஃப்எஸ் விசா மையத்தில் கைரேகை கொடுத்தால், வழக்கமான மூன்று வாரக் கணக்கில் ஜூன் 29 வாக்கில் முடிவு வரும். அன்று ராஜினாமா கொடுத்து 90 நாள் ஓட்டினால் செப்டம்பர் 27 ஆகிவிடும். தொடக்கத் தேதி தாண்டி 28 நாள் வரை தாமதம் பொறுக்கப்படும். அது செப்டம்பர் 29. நடுவில் இரண்டே நாள், அதற்குள் விமானமும் ஏற வேண்டும். அதற்கு மேல் போனால் ஸ்பான்சர் காரணம் பதிய வேண்டும். நோட்டீஸ் முடிக்க வேண்டியிருப்பது ஏற்கப்படும் காரணம்தான், ஆனால் பதிய வேண்டியது அவர், நீங்களல்ல. கூடுதலாக 500 பவுண்டு கட்டி பிரையாரிட்டி எடுத்தால் ஐந்து வேலை நாளில் முடிவு வரும், இரண்டு வாரம் மிச்சம். ஆகவே சிஓஎஸ் பதியும் முன்பே எச்.ஆரிடம் உங்கள் நோட்டீஸ் கணக்கைச் சொல்லி, தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

விசா வரும்வரை ராஜினாமா மெயில் டிராஃப்டிலேயே இருக்கட்டும். விசா மறுக்கப்பட்டால் 28 நாளுக்குள் 80 பவுண்டு கட்டி மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் அது அதிகாரியின் தவறைத் திருத்துவதற்கான வழி. விட்டுப்போன காகிதத்தை அங்கே பொதுவாகச் சேர்க்க முடியாது. தவறு உங்கள் பக்கம் என்றால் சுகாதாரக் கட்டணம் திரும்ப வரும், விசாக் கட்டணம் வராது. புதிதாக ஒரு விண்ணப்பம் போட வேண்டியதுதான்.